அளவீட்டில் கை வைக்காதவன்

2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அக்னி நட்சத்திரம் முடிந்து ஆறாவது நாள். ஆனால் அந்தச் செய்தி திண்டிவனத்து வெயிலுக்கு எட்டியிருக்கவில்லை. மேற்கே ஒரு விரல் கனத்துக்கு மேகம் கிடந்தது. காற்று இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை அரை நிமிடம் பார்த்தேன், ஓர் இலைகூட அசையவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரில் 'இப்போது நிறுவு' என்ற பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தியிருக்கக் கூடாது. பெட்டியின் நெற்றியிலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அதை எனக்கு விற்ற விழுப்புரம் கடைக்காரர் தன் கையால் எழுதி ஒட்டியது: 'அப்டேட் கேட்டால் வேண்டாம் சொல்லவும்.' நான்கே வார்த்தை. ஆனால் திரையின் மூலையில் ஓர் எண் நின்றுகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் அது 61. மே நடுவில் 130. அன்று காலை 214. இருநூற்றுப் பதினான்கு புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன என்று அது சொன்னது. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். முகையூரிலும் கிளியனூரிலும் பெருமுக்கல் மலையடியிலும் சங்கிலி பிடித்தவன். முடிக்காத இனங்கள் ஒரு பதிவேட்டில் கூடிக்கொண்டே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்காக வாங்கியது அல்ல, என் மனைவிக்காக. அவளுக்குக் கண்ணின் நடுப்புள்ளி மங்கும் நோய். சுற்றிலும் தெரியும், நேரே பார்க்கும் இடம் தெரியாது. என்னைப் பார்த்தால் இரண்டு காதும் தெரிகிறது, மூக்கு தெரியவில்லை என்று சொல்வாள். "நாப்பத்தொரு வருசம் பார்த்த மூக்குதானே, போவட்டும்" என்றும் சொல்வாள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து அவளுக்குக் கூசும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் பெரிதாக இருந்தால், தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓரப்பார்வையால் படித்துவிடுவாள். கடைக்காரர் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தார். உள்ளே இருந்தது லினக்ஸ், யாரும் காசு கேட்காதது. பட்டியல்கள் எல்லாம் தமிழில். விடியற்காலை ஐந்து மணிக்கு, நான் எழுவதற்கு முன், அவளே போட்டு அவளே திறந்து அவளே படித்து அவளே அணைப்பாள். என்னைக் கூப்பிட மாட்டாள்.

அவள் படித்தது பைபிள் வாசகம். திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். குரலும் உச்சரிப்பும் அங்கே தீட்டியவை. எங்கள் கோயிலில் முப்பத்தொரு வருடமாக ஞாயிறு பூசையில் முதல் வாசகம் படிக்கிறாள். கண் போன பிறகு பீடத்துப் புத்தகத்தில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வீட்டில் திரையில் நாற்பது ஐம்பது தடவை படித்து, ஞாயிறன்று புத்தகத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு சொல்லிவிடுவாள். பங்குக் கோயில் மக்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பங்குச் சாமியாருக்குத் தெரியும்.

அந்த வாரம் வந்தது சாதாரண ஞாயிறு அல்ல. ஜூன் 8, தூய ஆவியார் பெருவிழா. அன்றைய முதல் வாசகத்தில், ஆவியார் இறங்கிய அன்று எங்கெங்கிருந்து ஆட்கள் வந்து கூடியிருந்தார்கள் என்று, வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களும் நாட்டுப் பெயர்களும் வரிசையாக வரும். பதினைந்து. வருடா வருடம் அவள்தான் படிப்பாள், ஒன்றையும் விட மாட்டாள். இந்த முறை சாமியார் பக்குவமாகச் சொல்லியிருந்தார், கஷ்டமாக இருந்தால் பாடகர் குழுவில் இருக்கும் டீச்சரைப் படிக்கச் சொல்லலாம், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று. இவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது வேறு: "ஒரு வாட்டி டீச்சர் கைக்குப் போச்சுன்னா திரும்பி வராதுங்க. பாவம்னு சொல்லி ஒக்கார வச்சுடுவாங்க."

இதெல்லாம் தெரிந்துதான் செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடியது. பிறகு அணைந்து எரிந்தது. எரிந்தபோது திரை வேறு யாருடைய வீட்டுத் திரை போலவோ இருந்தது. எல்லாம் அகலத்தில் இழுத்துப் பிடித்த மாதிரி. எழுத்துகளின் ஓரம் கரைந்திருந்தது. கடிகாரத்தின் வட்டம் முட்டையாகிவிட்டது.

என் மனைவி வந்து உட்கார்ந்தாள். தலையைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"இன்னாங்க இது, எழுத்தெல்லாம் சோறு கொழைஞ்ச மாதிரி கீது?"

"டிரைவர் பிரச்சினை," என்றேன். இயக்கி என்று தமிழில் போட்டிருந்ததை அவளுக்காக அப்படிச் சொன்னேன்.

"டிரைவர் லீவா?"

"லீவு இல்ல. வண்டி புதுசாயிடுச்சு. பழைய டிரைவருக்கு இத ஓட்டத் தெரியல."

"நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிய எதுக்கு மாத்துனீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய் மல்லாட்டைக் கடலையை உரிக்க உட்கார்ந்தாள்.

அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். திரை என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி. ஒன்று 'தெளிவுத்திறன்', இன்னொன்று 'அளவீடு'. தெளிவுத்திறன் 1920-க்கு 1080 இருக்க வேண்டிய இடத்தில் 1024-க்கு 768 என்று இருந்தது. வேறு எதையும் தேர்ந்தெடுக்க விடவில்லை. பெருக்கிப் பார்த்தேன். இருக்க வேண்டிய புள்ளிகள் 20,73,600. இருந்தவை 7,86,432. என் மனைவிக்குச் சேர வேண்டிய 12,87,168 புள்ளிகள் என் ஒரு விரலால் போயிருந்தன. தெளிவு குறைந்ததால்தான் அவளுக்குத் தெரியவில்லை, தெளிவைக் கூட்டிவிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தச் சொல் அப்படித்தான் சொன்னது.

இரண்டாவது வரியான அளவீட்டில் 100% என்று இருந்தது. நூற்றுக்கு நூறு. அதைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எங்கள் துறையில் அளவீடு என்றால் களத்தில் சங்கிலி சொன்ன எண். பதிவேட்டில் ஏறிவிட்டால் தாசில்தாரே வந்து சொன்னாலும் அதை மாற்றக் கூடாது. அளவீட்டைத் திருத்தி எழுதிய ஒருவர் என் கண் முன்னால் ஒன்பது மாதம் தற்காலிக வேலை நீக்கத்தில் இருந்தார். அந்த வரியில் நூறு இருந்தது, சரியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

கடைக்காரருக்குப் போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை முழுவதும் நானே மல்லுக்கட்டினேன். போனில் வழிமுறைகளைத் தேடிப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊர் பேர் தெரியாத யார் யாரோ இதே மாதிரி திரையைத் தொலைத்துவிட்டு எழுதியிருந்தார்கள். ஆறுதலாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற டிரைவரை நிறுவ வேண்டும் என்பது வரை எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எந்த டிரைவர் என்பதில்தான் வேறுபட்டார்கள். பட்டியலில் ஐந்து இருந்தன, எல்லாவற்றுக்கும் பெயருக்குப் பின்னால் ஓர் எண். எண்களில் பெரியது எதுவோ அதுதானே புதியது, புதியதுதானே நல்லது என்று அதைப் போட்டேன்.

திரை கறுத்துவிட்டது. இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணினேன். ஐம்பது.

"புது டிரைவர் வந்துட்டாரா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"வந்துட்டார்."

"வண்டி கெளம்பலையே, சத்தமே காணோம்."

அவள் வந்து பின்னால் நின்றாள். அவளுக்கு அந்தக் கோடு தெரியாது என்பதால் திரை அணைந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். என் தோளில் கையை வைத்தாள். "சாப்டுட்டுப் பாருங்க. ரெண்டு மணி ஆவுது," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்து, நோட்டில் எழுதியபடி கெர்னல் என்கிற உட்கருவில் பழையதைத் தேர்ந்தெடுத்து, கறுப்புத் திரையிலேயே கட்டளைகளை அடித்தேன். மொத்தம் பதினொரு கட்டளை. கடவுச்சொல் கேட்டது. அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஓர் எழுத்துக்கு ஒரு நட்சத்திரமாவது வர வேண்டாமா? விசைப்பலகையும் போய்விட்டது என்று நினைத்து மூன்று முறை பிடுங்கிச் செருகினேன். பிறகுதான் படித்தேன், அந்த இடத்தில் அது அப்படித்தானாம். எத்தனை எழுத்து என்பதைக்கூடப் பக்கத்தில் நிற்பவன் எண்ணிவிடக் கூடாது என்று வைத்திருக்கிறார்களாம். என் போன்றவர்களை நினைத்துத்தான் செய்திருப்பார்கள். மனதுக்குள் ஒன்பது எண்ணிக்கொண்டே அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

பெரிய எண் டிரைவரை நீக்கி, எங்களுடைய பழைய கார்டுக்கென்று சொல்லியிருந்த சின்ன எண் டிரைவரைப் போட்டபோது வியாழக்கிழமை காலை பதினொன்று ஐந்து. மறுபடி அணைத்து எரிய வைத்தேன். வந்துவிட்டது. 1920-க்கு 1080. வட்டம் வட்டமாக இருந்தது. எழுத்தின் ஓரம் புதுப் பிளேடு போல இருந்தது. இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளியும் வந்து சேர்ந்துவிட்டன. நான் எழுந்து நின்று அவளைக் கூப்பிட்டேன்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தலையை இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்பினாள். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனாள்.

"தெளிவா கீதுங்க," என்றாள். சிறிது பொறுத்து, "ஆனா எனக்குத் தெரியல" என்றாள்.

அதன் பிறகுதான் நானும் பார்த்தேன். எழுத்துகள் கேழ்வரகு மணி அளவில் இருந்தன. கேப்பையைப் புடைக்கும்போது முறத்தில் ஒரு நிரை ஓடுமே, அந்த மாதிரி வரிகள். ஸ்கேலை வைத்து அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் என்ன உயரம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கதவு நிலை முதல் தண்ணீர்த் தொட்டி வரை அளந்து எழுதி வைத்திருக்கிறேன், அதை மட்டும் அளக்கவில்லை.

நான் படித்துக் காட்டுகிறேன், கேட்டு மனப்பாடம் செய்துகொள் என்றேன்.

"நீங்க படிச்சா பட்டா படிக்கிற மாதிரி கீது," என்றாள். "அதுவும் இல்லாம, கேட்டுச் சொல்றதுக்கு நான் இன்னா கிளியா? என் கண்ணால படிச்சுட்டுப் போயி நின்னாதாங்க வாசகம். இல்லன்னா ஒப்பிக்கிறது."

சரி என்று வாசகம் இருந்த பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதைச் செய்ய எனக்குத் தெரியும். எழுத்து ஒன்றரை விரல் உயரம் வந்தது. அவள் உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தாள். முதல் நான்கு பெயர்கள் வரை நின்று கேட்டுவிட்டு, பால் வாங்கவும் கரண்ட் பில் கட்டவும் கிளம்பினேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். இரண்டு கையும் மடியில். திரையில் வாசகம் இல்லை. வேறு ஏதோ ஜன்னல் திறந்து கிடந்தது.

"எப்பப் போச்சு?"

"நீங்க வாசல் தாண்டுன ஒடனே. கை எங்கியோ பட்டுடுச்சு. திரும்பக் கொண்டாரலாம்னு பார்த்தேன். அந்த அம்பு எங்க கீதுன்னே தெரியல. கடுகு மாதிரி கீது."

பக்கத்தைப் பெரிதாக்கியிருந்தேன், அவ்வளவுதான். அதைத் திறக்கும் பொத்தானும், மூடும் பொத்தானும், சுட்டும் அம்பும், கோப்பின் பெயரும் கேப்பை மணியாகவே இருந்தன. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி அவளுக்கு இல்லை.

"கூப்பிட்டிருக்கலாமே. போன் இருக்குதே."

"எதுக்கு? வந்து இன்னா பண்ணப் போறீங்க, மறுபடி பெருசு பண்ணுவீங்க. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எழுப்பணும். நாளன்னிக்கும் எழுப்பணும்." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "டீச்சருக்குச் சொல்லிடலாங்க. அவளும் நல்லாத்தான் படிப்பா."

நாற்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு வேலையை விட்டுவிடலாம் என்று சொல்லி நான் கேட்டது அது இரண்டாவது முறை. முதல் முறை எதற்கு என்பதை இங்கே எழுத வேண்டாம்.

கார்டு போதவில்லை என்று முடிவுக்கு வந்தேன். இதற்கு மேலே 2560, 3840 என்றெல்லாம் தெளிவுத்திறன் இருப்பதாகப் படித்திருந்தேன். எங்கள் கார்டால் அவ்வளவு முடியாது. பெரிய கார்டு ஒன்று வாங்கினால் தெளிவு இரட்டிப்பாகும். அவமானத்தை விழுங்கிக்கொண்டு விழுப்புரம் போய்விட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மதியப் பாசஞ்சர் முப்பத்தெட்டு நிமிடம் தாமதம். நடுவில் நான்கே ஸ்டேஷன், அந்த நான்கிலும் உயிர் போகிற மாதிரி நின்றது. எனக்கு அவசரம் இருந்தது. கடைக்காரர் செஞ்சிப் பக்கத்துச் சமணர். எல்லாரும் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அதனால் ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கிவிடுவார். நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது ஐந்து எட்டு. இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.

"வாங்க சார், ஒக்காருங்க. இன்னா இவ்ளோ தூரம்? ஒரு போன் போட்டிருக்கலாமே."

"பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும், நயினார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு சார், கேம் ஆடப் போறீங்களா?"

"வீட்டுக்காரிக்கு எழுத்து தெரியல. தெளிவுத்திறன் பத்தல."

"இப்ப எவ்ளோ காட்டுது?"

சொன்னேன்.

"அது ஃபுல்லு சார். அந்த மானிட்டருக்கு அவ்ளோதான்."

"அதுக்கு மேல வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"இருங்க. நான் போட்டுக் குடுத்தப்போ அம்மா படிச்சாங்களா இல்லையா?"

"படிச்சா."

"நடுவுல இன்னா ஆச்சு?"

இங்கே நான் தொண்டையைச் செருமினேன். "அப்டேட் ஆயிடுச்சு."

"ஆயிடுச்சா, பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"நான் ஒட்டுன சீட்டு இருக்குதா?"

"இருக்குது."

"இருநூத்திச் சொச்சம் இருந்திருக்குமே, அதானே?" என்றார். மூன்று வருடத்தில் என்னை அளந்து வைத்திருந்தார்.

"இருநூத்திப் பதினாலு."

"இருந்துட்டுப் போவட்டுமே சார். ஊர்ல எத்தினி வேலை பாக்கி கெடக்குது, அதோட இதுவும் ஒரு ஓரமா கெடக்கும்." அவர் சிரிக்கவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "சரி, அளவீட்டுல எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"நூறு. நான் அதத் தொடவே இல்ல," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏன் சார் தொடல?"

"அளவீட்டுல எப்படிக் கை வைக்கிறது?"

நயினார் ஒரு தாளை எடுத்து என் முன்னால் போட்டார். "சார், நீங்க புலப்படம் வரைஞ்சவங்க. இந்தத் தாள்ல ஒரே ஒரு வயல வரைஞ்சா வரப்பு எவ்ளோ பெருசா தெரியும்? இதே தாள்ல முகையூர் முழுசும் வரைஞ்சா அந்த வரப்பு எவ்ளோ தெரியும்?"

"ஸ்கேல் மாறுது," என்றேன்.

"அதான் சார் அளவீடு. ஸ்கேலு. நீங்க தெளிவக் கூட்டக் கூட்ட ஊரு பூரா தாளுக்குள்ள வந்துடுது, வரப்பு நூலாப் பூடுது. அம்மாவுக்கு ஊரு வேணாம், ஒரு வயலு போதும். நான் இருநூறு வச்சிருந்தேன். அப்டேட்டுல நூறாயிடுச்சு. அம்புட்டுதான் பேஜாரு."

அந்த மொழிபெயர்ப்பாளர் யாரோ எனக்குத் தெரியாது. காசு வாங்காமல் செய்திருப்பார், அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அளவுத்திட்டம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஒவ்வொரு கிராம வரைபடத்தின் கீழும் நான் என் கையால் எழுதிய சொல். அதைப் போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கே முடிந்திருக்கும். ஸ்கேல் என்று போட்டிருந்தாலும் முடிந்திருக்கும். அளவீடு என்று போட்டதால் ஒரு சர்வேயர் மூன்று நாள் அதற்குக் காவல் நின்றான்.

நயினார் தாளில் எழுதிக் கொடுத்தார்: அமைப்புகள், திரை, அளவீடு, 200. அதன் கீழே, இருநூறும் போதாமல் போனால் தெளிவுத்திறனை 1280-க்கு 720 ஆகக் குறைக்கவும் என்று.

"குறைக்கிறதா?"

"கொறைக்கிறதுதான் சார். ஜல்தி கெளம்புங்க, அஞ்சரையாச்சு, எங்க வீட்டுல எல போட்டிருப்பாங்க." நான் நூறு ரூபாயை வலுக்கட்டாயமாக அவர் மேஜையில் வைத்தேன். கார்டு பற்றி இருவருமே அதன் பிறகு பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு நாற்பத்தைந்து. செருப்பைக் கழற்றாமலே போய் உட்கார்ந்தேன். அமைப்புகள். திரை. அளவீடு. 100, 125, 150, 175, 200. இருநூறை அழுத்தும்போது விரல் தயங்கியது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். அழுத்தினேன். எல்லாம் ஒரு தரம் துள்ளி இரண்டு மடங்கானது. நடுவில் ஒரு பெட்டி வந்து, மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. சொல்லாவிட்டால் இருபது வினாடியில் பழையபடி ஆகிவிடுமாம். 19, 18, 17 என்று குறைந்தது. சந்தேகத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், "அப்படியே வச்சுடுங்க," என்றாள்.

"அங்க இருந்து தெரியுதா?"

"பதிமூணு ஓடுது. வச்சுடுங்க."

பதினொன்றில் அழுத்தினேன்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நான் விழித்துத்தான் இருந்தேன், ஆனால் எழவில்லை. எழுந்தால் உதவிக்கு வந்த மாதிரி இருக்கும். அவள் மவுஸைத் தட்டும் சத்தமும் நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன. பிறகு உதட்டோசை. பதினைந்து பெயர்கள் வரும் வரியை அன்று பகலில் மட்டும் அவள் நாற்பத்தேழு முறை படித்தாள். எப்போதும் ஐந்து நாளில் செய்வதை ஒரே நாளில் செய்தாள். பகல் முழுவதும் என்னை ஒரே ஒரு முறை கூப்பிட்டாள், அதுவும் தண்ணீர் வந்துவிட்டது, மோட்டார் போடுங்கள் என்று. நாலு ஐம்பதுக்குச் சாமியாருக்குப் போன் போட்டு, பழைய ஆபரேட்டர் குரலில், "நாளைக்கு முதல் வாசகம் நான்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை ஏழரைக்கு. நான் நான்காவது பெஞ்சில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்தேன். அவள் பீடத்துக்கு மூன்று படி ஏறினாள். புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து விரித்துக்கொண்டாள். தலை நேராக இருந்தது. அங்கே இடப்பக்கம் திருப்ப வேண்டியதில்லை, பார்க்க ஒன்றும் இல்லை. படித்தாள். அந்த வரி வந்தபோது விரல் மடக்கி எண்ணினேன். ஒன்பது வரை சீராக வந்தது. பிறகு ஓர் இமைப்பொழுது கண்ணைத் தாழ்த்தினாள். நிமிர்ந்தாள். குரல் பிசகாமல் மேலே போனது. வரி முடிந்தபோது என் கையில் பதினான்கு இருந்தது.

கோயில் வாசலில் டீச்சர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா அந்தப் பேரெல்லாம் தடங்கல் இல்லாம வருது?" என்று கேட்டாள். இவள் சிரித்துக்கொண்டாள். சாமியாரும் நன்றாக இருந்தது என்றார். அவர்கள் போன பிறகு, நடந்து வரும்போது, சொல்லாமல் இருந்திருக்கலாம், என்னால் முடியவில்லை.

"பதினாலு," என்றேன்.

"தெரியும். பத்தாவது." நின்றாள். "புத்தகத்துல பார்த்துக்கலாம்னு பழக்கத்துல கண்ண எறக்கிட்டேன். அங்க சாம்பல் வட்டந்தான் இருந்துச்சு. அந்தப் பேரு ஓடிப்போச்சு."

"யாருக்கும் தெரியல. நூத்துக்குத் தொண்ணூத்து மூணு."

"அது ஒங்க ஆபீசு கணக்கு. இங்க ஒரு பேரு விட்டா அந்த ஊர்க்காரன் அன்னிக்கு வரவே இல்லன்னு ஆயிடும்." இரண்டு வீடு தாண்டினோம். "ஒரு நாள் பத்தாதுங்க. அஞ்சு நாள் இருந்திருந்தா கண்ண எறக்கி இருக்க மாட்டேன்."

அந்த நான்கு நாளையும் நான்தான் எடுத்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, இரண்டு காதையும் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன், "ஜூலை இருபதாம் தேதிக்கும் என் பேரத்தான் போட்டிருக்காங்க. சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கணக்கை எழுதினேன். தீர்ந்துபோன நெட்டுக்குக் கூடுதலாகப் போட்டது 69. ரயில் போக வர 20. விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ இரண்டு முறை 30. ஸ்டேஷனில் ஒரு காப்பி 15. நயினாருக்கு 100. ஆக மொத்தம் 234 ரூபாய். அந்த நான்கு நாளுக்கு அதில் வரி இல்லை.